"ஒன்றும் செய்யாது"

லிஃப்ட் கதவு திறந்ததும் முதலில் வெளியே வந்தது ஒரு லாப்ரடார் நாய். அதன் கழுத்துவாரின் மறுமுனை யார் கையிலும் இல்லாமல் தரையில் இழுபட்டு வந்தது.

பள்ளிப்பையை மார்போடு அணைத்துச் சுவரோரம் ஒட்டி நின்ற சிறுவனிடம், "பயப்படாதே தம்பி, ஒன்றும் செய்யாது" என்றார் உரிமையாளர்.

2024 மே மாதம் சென்னைப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை ராட்வெய்லர் நாய்கள் கடித்துக் குதறிய பிறகும் இந்த வாக்கியம் வழக்கொழியவில்லை.

மாநகராட்சி உரிமமும் வெறிநோய்த் தடுப்பூசியும் கட்டாயம் என்பது நாய் வளர்ப்போர் பலருக்கும் தெரியும். ஆனால், வளர்ப்பு விலங்கால் பிறர் உயிருக்கோ உடலுக்கோ நேரக்கூடிய ஆபத்தைத் தடுக்கத் தவறுவதே, அது யாரையும் கடிக்காவிட்டாலும், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம் என்பதைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள்.

குடியிருப்போர் சங்கம் நாய் வளர்ப்பதைத் தடைசெய்ய முடியாது என்ற விலங்கு நல வாரிய வழிகாட்டுதலை மட்டும் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள்.