அடைவுத் தேர்வின் முடிவு எப்போது வர வேண்டும்?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஒன்றியத்தின் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில், ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் பல ஆண்டுகளாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். 2025 பிப்ரவரியில் 3, 5, 8 ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, ஆசிரியர்கள் ஸ்லாஸ் என்று குறிப்பிடும் மாநில அடைவுத் தேர்வு நடந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன், கடற்பாசி எடுக்கப் போய்விட்டு விரல்களில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்காமல் நேராகப் பள்ளிக்கு வந்த ஒரு தாய், வாசலில் நின்றபடியே என்னிடம் கேட்டார்: "டீச்சர், இதுல தோத்துட்டா எட்டாப்புலயே நிப்பாட்டிருவீகளா?"

அவருடைய அச்சம் காரணமற்றதல்ல. 2019 செப்டம்பரில் 5, 8 ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு வரும் என்று அரசாணை வெளியாகி, 2020 பிப்ரவரியில் அது திரும்பப் பெறப்படும் வரையிலான அந்த ஐந்து மாதங்களை எங்கள் ஊர் மறக்கவில்லை. ஆகவே அவரை உட்கார வைத்து, இது தேர்ச்சி, தோல்வி பார்க்கும் தேர்வன்று, பிள்ளை எதைக் கற்றிருக்கிறது என்று அறிவதற்காக மட்டுமே நடத்தப்படுவது என்று விளக்கினேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டார்: "அப்ப எம்மகளுக்கு எது வரும், எது வராதுன்னு எப்பச் சொல்வீக?" அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. இந்தப் பதிவை எழுதத் தூண்டியது அந்தக் கேள்விதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பொதுவான அளவுகோல் வேண்டும் என்பதே என் நிலை. நானே வினாத்தாள் தயாரித்து, நானே திருத்தும்போது, நான் நடத்திய பாடத்தையே நான் நடத்திய சொற்களிலேயே கேட்டுவிடுகிறேன், பிள்ளைகளும் எழுதிவிடுகிறார்கள். 2022 இல் தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் வந்து பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக நிலை பிரித்தபோது, மேல்நிலையான மலரில் இருப்பதாக நாங்கள் உறுதியாக நம்பிய ஒரு சிறுவன், இதற்கு முன் பார்த்திராத பத்தி ஒன்றைக் கொடுத்ததும் இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டான். வெளியிலிருந்து ஒரு தாள் வராதிருந்தால் அது எனக்குத் தெரிந்திருக்காது. அத்தகைய தாளை வெறுக்கும் ஆசிரியர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை.

ஆனால் அளக்கும் நாள் எது என்பதையும் பார்க்க வேண்டும். தேசிய அடைவு ஆய்வு 2021 நவம்பர் 12 ஆம் தேதி நடந்தது. தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் கொரோனாவுக்குப் பின் திறக்கப்பட்டதே அந்த மாதம் 1 ஆம் தேதிதான். இடையில் தீபாவளியும் வந்தது. அன்று மூன்றாம் வகுப்பில் அமர்ந்திருந்த பிள்ளை, இரண்டாம் வகுப்பு முழுவதையும் வீட்டிலேயே கழித்த பிள்ளை. அடுத்த தேசிய ஆய்வு, பரக் என்ற புதிய பெயரில், 3, 6, 9 ஆம் வகுப்புகளுக்கு 2024 டிசம்பர் 4 அன்று நடந்தது. அதற்குச் சரியாக இரண்டு வாரங்களுக்கு முன், நவம்பர் 20 அன்று, ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. இவற்றை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆயினும் அட்டவணையில் விழுக்காடு மட்டுமே நிற்கும். வீட்டுக்குள் நின்ற தண்ணீர் அதில் நிற்காது.

பிப்ரவரிக்கும் எங்களிடம் ஒரு கணக்கு உண்டு. வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிப்பதால் நாட்டுப்படகுக்காரர்கள் தென்கடல் பக்கம் போகிறார்கள். சில குடும்பங்கள் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அங்கேயே வாடியில், அதாவது கரையோரத் தற்காலிகக் குடிசையில், தங்கிவிடுகின்றன. என் எட்டாம் வகுப்பில் எட்டுப் பேர். ஒருவன் வாடிக்குப் போனால் வருகை 12.5 விழுக்காடு குறைகிறது. ஒரே ஒரு பிள்ளை ஒரு கேள்வியைத் தவறவிட்டாலும் அந்தக் கேள்விக்கான விழுக்காடு அதே அளவு இறங்குகிறது. நூறு பேர் எழுதும் நகரத்துப் பள்ளியையும் எட்டுப் பேர் எழுதும் எங்கள் பள்ளியையும் ஒரே பட்டியலில் மேலும் கீழுமாக வைப்பது கணக்கு அறிந்தவர் செய்யக்கூடிய காரியமன்று. 2018 இல் பின்தங்கிய மாவட்டங்களுக்கான மத்திய அரசின் திட்டத்தில், தமிழ்நாட்டிலிருந்து முன்னேற விழையும் மாவட்டங்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இரண்டில் விருதுநகரோடு ராமநாதபுரமும் ஒன்று. அதன் மதிப்பீட்டில் கல்விக்கு 30 விழுக்காடு பங்கு இருப்பதால், எங்கள் எண்களின்மேல் எல்லோருடைய கண்ணும் இருக்கிறது. பிள்ளைகளின்மேலும் அதே கண் இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அந்தத் தாயின் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடியலில் வலையிலிருந்து நண்டு கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் அவள் பள்ளிக்கு வருவாள். 3 கிலோ 250 கிராம் நண்டு, கிலோ 400 ரூபாய் என்றால் எவ்வளவு என்று கேட்டால், நான் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் 1,300 என்பாள். பள்ளியில் நாங்களே நடத்திய ஒரு பயிற்சித் தேர்வில், விடைக்கான வட்டத்தை நிழலிடும் ஓஎம்ஆர் தாளில் 40 கேள்விகளுக்கு அவள் பெற்றது 14. எனக்கு நம்பிக்கை வராமல் அவளுடைய வினாத்தாளை வாங்கிப் பார்த்தேன். அதில் அவள் பென்சிலால் குறித்திருந்த விடைகளில் 31 சரியாக இருந்தன. பதினோராவது கேள்வியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவள், பன்னிரண்டாவது கேள்வியின் விடையைப் பதினோராவது வரிசையில் நிழலிட்டிருக்கிறாள். அங்கிருந்து கடைசி வரை எல்லாமே ஒரு வரிசை மேலே ஏறிவிட்டன. 14 என்ற எண் மட்டும் என் கைக்கு வந்திருந்தால், அவளுக்குப் பின்னமும் தசமமும் தெரியாது என்று முடிவு செய்து, தெரிந்ததையே ஒரு மாதம் மறுபடி நடத்தியிருப்பேன். அவளுக்கு உண்மையில் தெரியாதது எதிர்மறை எண்களின் கழித்தல் ஒன்றுதான். அதைச் சொல்லிக்கொடுக்க இரண்டு நாட்கள்கூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு நான் கலந்துகொண்ட ஆய்வுக் கூட்டம் ஒன்றில் எங்களுக்குக் காட்டப்பட்டவை சராசரிகளும், பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களுமே. சிவப்பில் இருந்த பள்ளியின் தலைமையாசிரியர் எழுந்து நிற்க வேண்டியிருந்தது. எந்தப் பிள்ளைக்கு எந்தக் கேள்வி வரவில்லை என்று அவர் கேட்டதற்கு அங்கே பதில் இல்லை. அவர் அடுத்த நாள் வகுப்புக்குப் போய் என்ன செய்ய முடியும்?

ஆகவே நான் கேட்பது இதுதான்: பிள்ளையின் பெயரோடு, கேள்வி வாரியாக, எந்த விடையைத் தேர்ந்தெடுத்தது என்பது உட்பட முடிவு எங்களுக்கு வர வேண்டும். அதுவும் ஜூன் முதல் வாரத்தில், பள்ளி திறக்கும்போது வர வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகு கடலுக்குப் போகும் நாட்களில் பெற்றோர் கூட்டத்துக்கு வருபவர்கள் தாய்மார்களே. தந்தையர் வலையைப் பழுதுபார்த்துக்கொண்டு கரையிலேயே இருப்பது இந்தத் தடைக்காலத்தில்தான். அப்போது அந்தத் தாள் என் கையில் இருந்தால், ஒவ்வொருவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, உங்கள் பிள்ளைக்கு இது வருகிறது, இது இன்னும் வரவில்லை என்று விரல் வைத்துக் காட்டுவேன். வாசலில் நின்று கேட்ட அந்தத் தாய்க்கும் அன்றே பதில் சொல்லிவிடுவேன்.