மெழுகை மட்டும் மாற்றி நான்கு வார்ப்பு: லிப்ஸ்டிக் அட்டையில் இருப்பதைச் செய்து பார்த்தது

லிப்ஸ்டிக் பெட்டியின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலை வாசிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். எடையில் கூடியது முதலில் வரும். 1 சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம். நிறமிகள் எவ்வளவு இருந்தாலும் கடைசியில், சிஐ (கலர் இண்டெக்ஸ் என்ற நிறப் பட்டியல்) எண்களாக நிற்கும். ஆனால் பெயரைப் படித்துவிட்டால் மட்டும் அந்தப் பொருள் உதட்டில் என்ன செய்கிறது என்பது புரிந்துவிடாது. அதனால் எண்ணெய், வெண்ணெய், நிறமி எல்லாவற்றையும் அப்படியே வைத்து, மெழுகை மட்டும் மாற்றி நான்கு முறை வார்த்துப் பார்த்த குறிப்பு இது.

ஒவ்வொரு வார்ப்பும் 20 கிராம். நிறமி விழுது 6, விளக்கெண்ணெய் 5, ஹோஹோபா எண்ணெய் 3, ஷியா வெண்ணெய் 2, மெழுகு 4. இதற்கு மேல் வைட்டமின் ஈ 0.1 கிராம், எண்ணெய் சிக்குவாடை அடிக்காமல் இருக்க. பாத்திரத்தில் ஒட்டியது போக நான்கு குச்சி தேறும். தராசு 0.01 கிராம் காட்ட வேண்டும். சமையலறைத் தராசில் 0.6 கிராம் மெழுகை நம்பி நிறுக்க முடியாது.

விளக்கெண்ணெய் ஏன் இத்தனை அட்டைகளில் முதல் இடத்தில் நிற்கிறது? அதன் கொழுப்பு அமிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு ரிசினோலெயிக் அமிலம். அதில் இருக்கும் ஒரு ஹைட்ராக்சில் கூறு நிறமித் துகளை நன்றாக நனைக்கிறது. பிசுபிசுப்பு கூடுதலாக இருப்பதால் துகள் சீக்கிரம் அடியில் தங்குவதில்லை. தேங்காய் எண்ணெயில் இது நடக்காது. அது நீர்த்தது, 24 டிகிரியிலேயே உருகுவது. வார்க்கும் நேரத்துக்குள் நிறமி அடியில் இறங்கி, குச்சியின் நுனி ஒரு நிறம், அடி ஒரு நிறமாகிவிடும். இன்னொன்று: விளக்கெண்ணெய் பெட்ரோலிய எண்ணெய்களோடு சேராது. வாஸ்லினை உருக்கி அதில் விளக்கெண்ணெய் ஊற்றும் செய்முறைகள் ஆறியதும் மேலே எண்ணெய் முத்து முத்தாக வியர்ப்பது இதனால்தான்.

நிறமி விழுது: நிறமி 2 கிராம், விளக்கெண்ணெய் 4 கிராம். கண்ணாடிப் பலகையில் வைத்து, அடி தட்டையான கண்ணாடிக் குழவியால் 20 நிமிடம் அரைக்க வேண்டும். இந்த வேலையைக் குறைத்தால் பிறகு எதைக் கூட்டினாலும் ஈடாகாது. மிக்ஸியில் இவ்வளவு சிறிய அளவு பிளேடுக்கு எட்டாது. காற்றும் புகுந்துகொள்ளும், அது குச்சியில் ஊசித்துளையாகத் தெரியும். அரைத்தது போதுமா என்று பார்க்க ஒரு சொட்டை இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் நசுக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். புள்ளி தெரிந்தால் இன்னும் பத்து நிமிடம். அந்தப் புள்ளிதான் உதட்டில் கோடாக இழுபடுகிறது.

வார்ப்பு 1, தேன்மெழுகு 4 கிராம். அட்டையில் இதன் பெயர் செரா ஆல்பா. 62 முதல் 65 டிகிரியில் உருகும். குச்சி வளைந்தது, ஒடியவில்லை. தடவும்போது நிறம் தாராளமாக இறங்கியது. ஆனால் பளபளப்பு இல்லை, கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிறது. வெயிலில் நிறுத்திய வண்டிப் பெட்டிக்கு இது தாங்காது என்பது 45 டிகிரி சோதனையில் தெரிந்தது. மூடிய எவர்சில்வர் டப்பாவை வெந்நீரில் வைத்து, உள்ளே வெப்பமானியோடு குச்சியைப் படுக்கையாகப் பிடித்து நிறுத்தினால் போதும். இது நுனி தொங்கிவிட்டது.

வார்ப்பு 2, கேன்டெலில்லா 4 கிராம். அட்டையில் யூஃபோர்பியா செரிஃபெரா. மெக்சிகோவின் பாலை நிலத்துப் புதரிலிருந்து எடுக்கும் மெழுகு. 68 முதல் 73 டிகிரி. விளக்கெண்ணெயோடு இதற்கு நல்ல ஒட்டுறவு, குறைந்த அளவிலேயே எண்ணெயை இறுக்கிப் பிடிக்கும். குச்சி கண்ணாடிபோல மின்னியது, சூட்டில் தொங்கவில்லை. ஆனால் அழுத்தித் தடவினால் சட்டென்று ஒடிகிறது. தேன்மெழுகு செய்முறையில் கேன்டெலில்லாவை அதே எடைக்கு மாற்றுகிறவர்களுக்குக் கிடைப்பது இதுதான். பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குக்குள் தொடங்குவது நல்லது.

வார்ப்பு 3, தேன்மெழுகு 2, கார்னோபா 2. இது கெட்டுப்போனது, காரணம் தெளிவு. கார்னோபா பிரேசில் பனையின் இலையில் படியும் மெழுகு, 82 முதல் 86 டிகிரி வரை உருகாது. கலவை 75க்கு இறங்கியதும் முதலில் இறுகிக்கொள்வது அதுதான். ரவைபோல மணி மணியாகக் குச்சிக்குள் நின்றது. மறுபடி உருக்கி 88 டிகிரியில் நிறுத்தி, அச்சையும் 45க்குச் சூடாக்கி வார்த்தபோது மணி போனது. அச்சிலிருந்து குச்சி தானாகவே கழன்று வந்தது, ஏனென்றால் கார்னோபா ஆறும்போது நன்றாகச் சுருங்கும். உதட்டில்தான் நிறம் இறங்க மறுக்கிறது. 10 சதவீத கார்னோபா லிப்ஸ்டிக்குக்கு மிக அதிகம்.

வார்ப்பு 4, தேன்மெழுகு 2, கேன்டெலில்லா 1.4, கார்னோபா 0.6. வளைவும் உறுதியும் ஒன்றையொன்று தாங்கின. தேன்மெழுகு நெகிழ்ச்சி தர, கேன்டெலில்லா எண்ணெயைப் பிடிக்க, கார்னோபா சூட்டைத் தாங்குகிறது. நல்ல லிப்ஸ்டிக் அட்டைகளில் இரண்டு மூன்று மெழுகுகள் சேர்ந்தே வருவதற்கு இந்த வேலைப் பங்கீடுதான் காரணம். ஒரே மெழுகு மட்டும் இருக்கும் அட்டையைக் கண்டால் அது வெயிலில் எப்படி நடக்கும் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

வார்க்கும் முறை நான்குக்கும் ஒன்றே. உயர்ந்த சூட்டில் உருகும் மெழுகு முதலில், பிறகு மற்ற மெழுகு, எண்ணெய், கடைசியில் விழுது. வெந்நீருக்குள் பாத்திரம் வைத்துத்தான் உருக்க வேண்டும். மெதுவாகக் கிளற வேண்டும், அடிக்கக் கூடாது. அச்சின் வாய்க்கு மேல் சிறிது கூடுதலாக ஊற்றாவிட்டால் ஆறியதும் நடுவில் குழி விழும். உடனே ஃப்ரீசரில் 10 நிமிடம். மேசையிலேயே மெல்ல ஆற விட்டால் ஷியா வெண்ணெயின் கெட்டிக் கொழுப்பு தனியே திரண்டு, ஒரு வாரத்தில் மணல்போல நெருடும்.

இனி நிறம். நான்கு வார்ப்புக்கும் ரெட் 7 லேக் (கரையாத நிறமியாக்கிய சாயம்) 1.2, சிவப்பு இரும்பு ஆக்சைடு 0.5, டைட்டானியம் டை ஆக்சைடு 0.3. அட்டை மொழியில் முறையே சிஐ 15850, 77491, 77891. இரும்பு ஆக்சைடு தனியாகப் போட்டால் செங்கல் நிறம்தான், எவ்வளவு கூட்டினாலும் ரோஜா நிறம் வராது. டைட்டானியம் நிறத்தை மூடாக்கி வெளிறச் செய்யும். சிஐ 15850 என்ற எண்ணில் ஒரு சிக்கல் இருக்கிறது: மஞ்சள் சாயலுள்ள ரெட் 6, நீலச் சாயலுள்ள ரெட் 7 இரண்டுக்கும் அதே எண். ஒன்று சோடியம் உப்பு, மற்றது கால்சியம் உப்பு. ஆகவே இரண்டு லிப்ஸ்டிக்கின் அட்டை எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தாலும் நிறம் வேறாக இருக்கலாம்.

பீட்ரூட் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வீட்டு லிப் பாம் என்றாலே பலரும் முதலில் எடுப்பது அதைத்தான். பீட்ரூட்டின் நிறம் பீட்டாலைன், நீரில் மட்டும் கரைவது. பொடியை எண்ணெயில் போட்டால் எண்ணெய் நிறமே மாறாது. பொடி அடியில் கிடக்கும், உதட்டில் துருவலாக நெருடும். சாற்றை ஊற்றிக் கிளறினால் ஆறும்வரை சேர்ந்ததுபோல இருந்து பிறகு பிரியும். அதைவிடப் பெரிய கெடுதல், தண்ணீர் உள்ளே போனதால் பூஞ்சை பிடிக்க வழி கிடைத்துவிடுகிறது. எண்ணெயும் மெழுகும் மட்டும் உள்ள குச்சிக்குப் பதப்படுத்தி தேவையில்லாமல் இருப்பது அதில் தண்ணீர் இல்லாததால்தான். எண்ணெயில் கரையும் வேர் என்று நாட்டு மருந்துக் கடையில் ரதன்ஜோத் கிடைக்கும். எண்ணெய் நன்றாகவே சிவக்கும். ஆனால் அந்தப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகளின் வேர் விற்கிறார்கள், ஒரு முறை வந்த நிறம் மறுமுறை வராது. தினம் வாய்க்குள் போகும் பொருளில் எந்தச் செடி என்று தெரியாததைச் சேர்க்காமல் இருப்பதே சரி.

பச்சை நிறக் குச்சி உதட்டில் பட்டதும் இளஞ்சிவப்பாக மாறும் வகைக்குப் பின்னால் இருப்பது ரெட் 27, அட்டையில் சிஐ 45410. நீரில்லாத அமிலத் தன்மையுள்ள கலவையில் நிறமின்றி இருக்கும். உதட்டின் ஈரமும் அமில-கார நிலையும் பட்டால் நிறம் எடுக்கும். ஆளுக்கேற்ற நிறம் என்பது விளம்பரம். எல்லோருக்கும் வருவது ஏறக்குறைய அதே இளஞ்சிவப்பு.

சிஐ 75470 என்றால் கார்மைன், கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுப்பது. சைவம் பார்ப்பவர்களும், ஒவ்வாமை உள்ளவர்களும் இந்த ஓர் எண்ணையாவது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தேன்மெழுகும் வேண்டாம் என்பவர்கள் கேன்டெலில்லாவைத் தேடலாம்.

ஈயம் அட்டையில் வராது, ஏனென்றால் யாரும் அதைச் சேர்ப்பதில்லை. கனிம நிறமியோடு மாசாக வந்து சேர்கிறது. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 400 லிப்ஸ்டிக்குகளைச் சோதித்து 2012இல் வெளியிட்ட முடிவில் சராசரி 1.11 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 1.11 பங்கு), அதிகபட்சம் 7.19. அவர்கள் 2016இல் பரிந்துரைத்த மேல் எல்லை 10 பிபிஎம். வீட்டில் செய்பவருக்கு இதிலிருந்து ஒரே பாடம்: இரும்பு ஆக்சைடை பெயின்ட் கடையிலோ தோட்டக் கலைக் கடையிலோ வாங்கக் கூடாது, அழகுசாதனத் தரம் என்று சான்றுள்ளதைத்தான் வாங்க வேண்டும். தங்க மோதிரத்தால் தேய்த்துக் கருப்பு விழுந்தால் ஈயம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் சோதனை ஈயத்தைக் காட்டாது.

திரவ மேட் வகையை அடுப்படியில் முயலவே வேண்டாம். அதன் அட்டை ஐசோடோடெகேனில் தொடங்கும். எளிதில் ஆவியாகும், தீப்பற்றும். அது பறந்ததும் ட்ரைமெதில்சிலாக்சிசிலிகேட் போன்ற பிசின் ஒரு படலமாக நின்றுவிடுகிறது. தண்ணீருக்கும் தேநீருக்கும் அசையாதது எண்ணெய் பட்டால் நழுவும். பிரியாணி சாப்பிட்டதும் நடுவில் மட்டும் போவது அதனால்தான். கிளாஸ் வகையில் பாலிபியூட்டீன் முன்னால் நிற்கும், ஒட்டும் தன்மை அதனுடையது. டின்ட் வகையில் நீரும் கிளிசரினும், கூடவே பதப்படுத்தி.

நான்காவது வார்ப்பில் தீராத ஒன்று, வியர்வை. 45 டிகிரியில் ஆறு மணி நேரம் கழித்து மேற்பரப்பில் நுண்ணிய எண்ணெய் முத்துகள். மெழுகுப் பின்னல் பிடித்துக்கொள்ளும் அளவைவிட எண்ணெய் கூடுதல். அடுத்த வார்ப்பில் ஹோஹோபா 3இலிருந்து 2.6க்கு இறங்குகிறது, கேன்டெலில்லா 1.8க்கு ஏறுகிறது, மற்றவை அப்படியே.