மோதினால் மட்டும் போதுமா?

உட்லண்ட்ஸ் நூலகத்தில் இன்று பக்கத்து மேசையில் ஒரு பிள்ளை, சாதாரண நிலை (ஓ லெவல்) வேதியியல் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தது. நோட்டில் ஒரு வரி: "சூடு கூடினால் துகள்கள் அதிகம் மோதும், அதனால் வினை வேகமாகும்." அடியில் சிவப்புக் கோடு வேறு.

பாதிதான் சரி.

25 டிகிரியிலிருந்து 35க்குப் போனால் துகள்களின் சராசரி வேகம் 2 விழுக்காடுகூட ஏறாது. ஆனால் பல வினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். வினை நடக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றலை, அதாவது கிளர்வு ஆற்றலைத் தாண்டும் துகள்களின் பங்கு மளமளவென்று கூடுவதுதான் காரணம்.

இதை எழுதாத விடை எனக்கு அரைகுறைதான்.

செறிவு மாறினால் வினையின் வேகம் எப்படி மாறும் என்று பார்க்கும் செய்முறையிலும் இந்தச் சூடுதான் காலை வாரும். சோடியம் தையோசல்பேட் கரைசல் 50 மில்லிலிட்டர், ஹைட்ரோகுளோரிக் அமிலம் 5 மில்லிலிட்டர், குடுவைக்கு அடியில் தாளில் ஒரு பெருக்கல் குறி. கந்தகத்தால் கரைசல் கலங்கி, மேலிருந்து பார்க்கக் குறி மறையும்வரை நேரம் எடுக்க வேண்டும்.

ஏர்கான் அறையில் 24 டிகிரி, வெளி நடைபாதையில் 31. இரண்டு இடத்து நேரங்களையும் ஒரே வரைபடத்தில் போட்டால் புள்ளிகள் தாறுமாறாக விழும்.

தையோசல்பேட்டின் செறிவைக் குறைக்கும்போது குறைத்த அளவுக்குத் தண்ணீர் சேருங்கள்: கரைசல் 30 மில்லிலிட்டர் என்றால் தண்ணீர் 20. மொத்த அளவு மாறினால் கரைசலின் ஆழம் மாறும், குறி மறையும் நேரமும் பிசகும். வேறு அகலக் குடுவை எடுத்தாலும் அதே கதைதான்.

குடுவையை உடனுக்குடன் கழுவுங்கள், கந்தகம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். 50 டிகிரிக்கு மேல் சூடேற்ற வேண்டாம். இந்த வினையில் வெளிவரும் சல்பர் டை ஆக்சைடு வாயுவின் நெடி ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு ஆகவே ஆகாது.