திறக்க மறுத்த கோப்பு

போன வாரம் என் 40 பக்கக் கட்டுரை திறக்கவே மாட்டேன் என்றது. கோப்பு சேதமாகிவிட்டது என்ற செய்தி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. மூன்று மாத உழைப்பு. கை நடுங்கிவிட்டது.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது: டாக்எக்ஸ் (.docx) என்ற வேர்ட் ஆவண வடிவம் உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம், அதாவது பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டியது. ஒரு நகல் எடுத்து, பெயரின் கடைசியில் இருந்த டாக்எக்ஸை ஜிப் என்று மாற்றி விரித்தேன். உள்ளே 'வேர்ட்' என்ற கோப்புறை. அதில் 'டாக்குமென்ட்' என்ற எக்ஸ்எம்எல் கோப்பு, அதாவது குறிச்சொற்கள் கலந்த வெறும் உரை. சாதாரண உரைத் திருத்தியில் திறந்தால், குறிச்சொற்களுக்கு நடுவே என் வரிகள் அத்தனையும் இருந்தன! அடிக்குறிப்புகள் தனிக் கோப்பில், படங்கள் 'மீடியா' கோப்புறையில், அப்படியே. வடிவமைப்பு போய்விட்டது, அது பரவாயில்லை, இரண்டு நாளில் மறுபடி செய்துவிட்டேன்.

லிப்ரெஆபிஸ் ஆவணங்களின் ஓடிடி (.odt) வடிவமும் இதே போன்ற ஜிப்தான். அதில் 'கன்டென்ட்' என்ற கோப்பைத் தேட வேண்டும்.

இப்போது முடித்த ஒவ்வொன்றையும் பிடிஎஃப்/ஏ ஆகவும் சேமிக்கிறேன். நெடுநாள் பாதுகாப்புக்காக 2005இல் ஐஎஸ்ஓ தரமாக வந்த வடிவம் அது. எழுத்துருக்களைக் கோப்புக்குள்ளேயே வைத்தாக வேண்டும் என்பது அதன் விதி. அதனால் வேறு கணினியில் திறந்தாலும் எழுத்துகள் கட்டம் கட்டமாக மாறுவதில்லை. திருத்துவதற்கு மட்டும் மூலக் கோப்பைத் தனியாக வைத்திருக்கிறேன், இரண்டு இடங்களில்.