10க்கு 12 ரூமுக்கு டவர் ஸ்பீக்கர் எதுக்குலா

எங்க தாமான்ல ஒரு தம்பி, செம்பனை ஆலையில வேலை, போனஸ் காசுல ஆம்ப் (பாட்டு சிக்னலைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புற பெட்டி) வாங்கிட்டான். "அண்ணே, ஆம்ப் 50 வாட்ஸ்தான், ஸ்பீக்கர்ல 150 வாட்ஸ்னு போட்டிருக்கு, இழுக்குமா?"ன்னு கேக்குறான். சுங்கை சிப்புட்ல ஹைஃபை பேச ஆள் கிடைக்கிறதே அபூர்வம், சரி விலாவாரியா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

தம்பி, ஸ்பீக்கர் பின்னாடி போட்டிருக்கிற வாட்ஸ் அது எவ்வளவு தாங்கும்ங்கிற கணக்கு, எவ்வளவு சத்தம் குடுக்கும்ங்கிற கணக்கு இல்ல. நீ பாக்க வேண்டியது சென்சிடிவிட்டி. 86 டெசிபல்னு இருந்தா 1 வாட் குடுத்து 1 மீட்டர் தள்ளி நின்னா 86 டெசிபல் கேக்கும்னு அர்த்தம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பவர் ரெண்டு மடங்கு வேணும், அதாவது 83 ஸ்பீக்கருக்கு 20 வாட்ஸ் கேக்குற இடத்துல 89 ஸ்பீக்கருக்கு 5 வாட்ஸ் போதும். சின்ன ரூம்ல சாதாரணமா பாட்டு கேக்கும்போது ஆம்ப் ஒண்ணு ரெண்டு வாட்தான் செலவு பண்ணும், மிச்சமெல்லாம் தவில் தனி ஆவர்த்தனம் மாதிரி திடீர்னு எகிறுற இடத்துக்கு.

அடுத்தது ஓம், ஸ்பீக்கர் கரண்டை எவ்வளவு தடுக்குதுங்கிற அளவு. 4 ஓம் ஸ்பீக்கர், 8 ஓமை விட ரெண்டு மடங்கு கரண்ட் இழுக்கும், மலிவான ஆம்ப் சூடாயி திணறும். என்கிட்ட இருக்கிறது பழைய நாட் (NAD) 3020 ஆம்ப், 1978ல வந்த மாடல், பேருக்கு 20 வாட்ஸ்தான், ஆனா 4 ஓமையும் அசால்ட்டா ஓட்டும்னு பேர் எடுத்தது. எல்லா ஆம்பும் அப்படி இல்ல, அதனால பின்னாடி "8 ஓம்ஸ் மினிமம்"னு எழுதியிருந்தா அத மதிச்சிடு. இன்னொண்ணு, ஸ்பீக்கரை எரிக்கிறது பெரிய ஆம்ப் மட்டும்னு நினைக்காத, சின்ன ஆம்பை முழுசா திருகி வச்சா அது கிளிப் ஆகி, அதாவது அலையோட உச்சி வெட்டுப்பட்டு, முதல்ல கீச்சு சத்தம் குடுக்கிற ட்வீட்டரைத்தான் காலி பண்ணும்.

ஆனா உண்மையான முதலாளி ரூம்தான். நம்ம வீட்டு ரூம் 10க்கு 12 அடி, தரை டைல்ஸ், சுவர் சிமெண்ட். 12 அடிக்கு 47 ஹெர்ட்ஸ், 10 அடிக்கு 56 ஹெர்ட்ஸ் பக்கம் பேஸ் (அடித்தொனி) சுவருக்கு சுவர் முட்டி நின்னுடும், தரையில நிக்கிற உயரமான டவர் ஸ்பீக்கர் வச்சா அந்த ரெண்டு இடத்துலயும் ஊம்ம்முனு வீங்கி, மத்த சுருதியெல்லாம் காணாம போயிடும். ரூம் 10க்கு 10னா இன்னும் மோசம், ரெண்டும் ஒரே இடத்துல போய் குவியும். நாக்கோ ஜன்னலைத் திறந்து விட்டா கொஞ்சம் வெளிய போகும், ஆனா பக்கத்து வீட்டு அக்கா சத்தம் போடும்.

அதனால என் ஓட்டு அலமாரி சைஸ்ல இருக்கிற சின்ன புக்‌ஷெல்ஃபுக்குத்தான், அதுலயும் மூடின பெட்டி, இல்ல முன்பக்கம் போர்ட் (பேஸ் வெளிய வர்ற ஓட்டை). பின்பக்கம் போர்ட் இருந்தா சுவத்துல இருந்து தள்ளி வைக்கணும், அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவுல அதுக்கு இடம் எங்க? 1970கள்ல பிபிசிகாரங்க வெளி ஒலிபரப்பு வண்டிக்குள்ள வச்சு கேக்கவே எல்எஸ்3/5ஏனு குட்டியா மூடின பெட்டி ஸ்பீக்கர் செஞ்சாங்க, இன்னிக்கும் அதுக்கு கிராக்கி இருக்கு. சென்சிடிவிட்டி 83 பக்கம்தான், வண்டி சைஸ் இடத்துக்கு அது தாராளம்.

வாங்கினதும் ரூம் நடுவுல நின்னு கைதட்டிப் பாரு. டிர்ர்ர்னு எதிரொலி வால் நீண்டா ஒரு பாய், தடிச்ச திரை, ட்வீட்டர் காது உயரத்துக்கு ஸ்டாண்ட், அதுக்கப்புறம்தான் விலை ஜாஸ்தி வயரெல்லாம். சாயந்தரம் தகரக் கூரையில மழை பிடிச்சிக்கிச்சுன்னா எதுவும் வேலைக்கு ஆகாது, அது வேற விஷயம்.

செகண்ட் ஹேண்டுக்கு பிஜே (பெட்டாலிங் ஜெயா) அம்கார்ப் மால் பக்கம் போனா, கோன் (ஸ்பீக்கர்ல அதிர்ற கூம்பு) ஓரத்துல சுத்தி இருக்கிற வளையத்தை விரலால லேசா அமுக்கிப் பாரு. ஃபோம்னா நம்ம ஊர் ஈரத்துக்கு பொடிப்பொடியா உதிரும், ரப்பர்னா பரவால்ல. கையோட உன் ஆம்பையும் தூக்கிட்டுப் போ, கடைக்கார தவுக்கே முறைச்சா முறைக்கட்டும், அவர் கடை ஆம்புல கேட்டுட்டு வந்து இங்க மாட்டுறதுல பிரயோஜனம் இல்ல.