கோமதியா, காந்திமதியா?

தம்பிக்கு மகள் பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் குடும்பம் இரண்டு அம்மன்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. தம்பி மனைவிக்குப் பிறந்த ஊர் சங்கரன்கோவில். நாங்கள் திருநெல்வேலி டவுன், நெல்லையப்பர் கோவிலுக்குக் கூப்பிடு தூரம். அவர்கள் தங்கள் ஊர் அம்மன் பெயரில் கோமதி என்றார்கள், நாங்கள் நெல்லையப்பர் கோவில் அம்மன் பெயரில் காந்திமதி என்றோம். வெளியூர்க்காரர்களுக்கு இது ஒரு வழக்காகவே தோன்றாது. இரண்டும் மதியில்தானே முடிகிறது, மதி என்று கூப்பிட்டுவிட்டுப் போங்களேன் என்பார்கள்.

எங்கள் பக்கத்தில் பழைய பெயர்களைக் கேட்டாலே ஊரைச் சொல்லிவிடலாம். குழல்வாய்மொழி என்றால் குற்றாலம். உலகம்மாள் என்றால் தென்காசி, இல்லாவிட்டால் பாபநாசம். சொரிமுத்து என்றால் குலதெய்வம் கும்பிடக் காரையாறு மலைக்குப் போகிற குடும்பம். சங்கரன்கோவிலில் ஒரு வகுப்பில் கோமதி என்று கூப்பிட்டால் நாலைந்து பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள், ஆண்பிள்ளைகளிலும் இரண்டு கோமதிநாயகம் இருப்பார்கள். 2019-இல் மாவட்டத்தைப் பிரித்தபோது சங்கரன்கோவில் தென்காசி மாவட்டத்தோடு போய்விட்டது. அதனால் ஏற்கனவே இருந்த 'உங்கள் ஊர், எங்கள் ஊர்' பேச்சுக்கு அரசாணையும் துணைக்கு வந்துவிட்டது.

சம்பந்தி அம்மாள், சங்கரன்கோவிலில் கோமதி அம்மனுக்கு ஆடியில் நடக்கிற ஆடித்தபசுத் திருவிழாவுக்கு நேர்ந்துகொண்டிருந்தார். பிள்ளை நல்லபடியாகப் பிறந்து, அது பெண்ணாக இருந்தால், பெயர் கோமதி. ஆஸ்பத்திரிக்கு வரும்போதே சங்கரன்கோவில் புற்றுமண் கொண்டுவந்திருந்தார். காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, நகக்கண்ணால் துளி எடுத்து, உள்ளங்கையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, குழந்தையின் நெற்றியில் கடுகளவு வைத்தார். வைத்த கையோடு, "கோமு, கண்ணைத் திற" என்றார். குழந்தையும் திறந்தது. பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

அப்பா விடவில்லை. பிறந்த நட்சத்திரம் மிருகசீரிடம். அதற்குரிய எழுத்துகள் வே, வோ, கா, கி. ஜோதிடர் எழுதிக் கொடுத்த சீட்டில் 'கா' என்ற எழுத்துக்குக் கீழே அப்பா தன் பேனாவால் இரண்டு கோடு போட்டிருந்தார். 'கோ' சதயத்துக்குப் போகிற எழுத்து. சம்பந்தி அம்மாளிடம் இதைச் சொன்னபோது, "நேர்ந்துகொண்ட பெயருக்கு நட்சத்திரம் எதற்கு, அத்தான்?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்.

இரண்டு தரப்பும் என்னைத்தான் பார்த்தன. எங்கள் வீட்டில் தொட்டிலிடும் நாளில் குழந்தையின் காதில் மூன்று முறை பெயர் சொல்வது அத்தையின் உரிமை. என் ஓட்டு எந்தப் பக்கம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, ஏனென்றால் என் பெயரே காந்திமதி. அப்பாவைப் பெற்ற ஆச்சியின் பெயர் அது. மூத்த பேத்தி என்பதால் எனக்கு வந்தது.

ஆனால் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு வளர்ந்தவளுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். அம்மா என்னை ஒரு நாளும் காந்திமதி என்று கூப்பிட்டதில்லை. மாமியார் பெயரை மருமகள் எப்படிச் சொல்வாள்? ரேஷன் கடையில் பெயர் கேட்டால் என்னை முன்னால் தள்ளி, "நீயே சொல்லு" என்பாள். கோவிலில் அர்ச்சனைக்குக் கொடுக்கும்போது நட்சத்திரத்தை அவள் சொல்வாள், பெயரை நான் சொல்ல வேண்டும். அம்மன் சன்னதியில்கூட அவள் வாயில் "தாயே, டவுன்காரி" என்றுதான் வரும். ஆச்சி காலமாகி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, அந்தத் தடை மட்டும் இன்னும் காலமாகவில்லை. கோபத்தில் என்னைத் திட்டும்போது ஒரு முழுப்பெயர் கிடைக்காமல் அவள் திணறுவதைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கும்.

அதனால் நான் பாப்பா. ஐம்பதை நெருங்குகிறேன், கண்ணாடி போட்டாயிற்று, முழங்கால் வலிக்கிறது, இன்றும் பாப்பா. எங்கள் தெருவில் ராசா, பெரியவன், ஐயா, தங்கம் என்று எத்தனை பேர் இருக்கிறார்கள்! கொஞ்சலில் பிறந்த பெயர்கள் என்று நினைப்பீர்கள். விசாரித்துப் பாருங்கள், பாதிப் பேருக்குத் தாத்தா பெயரோ ஆச்சி பெயரோ இருக்கும், பெற்றவள் அதை உச்சரிக்க முடியாமல் கிடைத்ததைப் பிடித்திருப்பாள்.

தம்பி ஒரு நாள் சமாதானத் தூதுவனாக வந்து, "மதிவதனி என்று வைத்தால் என்ன?" என்றான். இரண்டு பக்கமும் ஒரே குரலில் மறுத்த ஒரே பெயர் அதுதான். யாருடைய அம்மனும் இல்லாத பெயர் யாருக்கு வேண்டும்?

நான் கோமதி என்று சொன்னதும் அப்பா சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "உன் பெயரையே வேண்டாம் என்கிறாயா?" என்று கேட்டார். பெயர் வேண்டாம் என்று யார் சொன்னது? காந்திமதி என்று வைத்தால் அம்மா தன் பேத்தியையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். ஒரு வாழ்க்கையில் இரண்டு பேரை வாய் நிறையக் கூப்பிடாமல் விழுங்குவது அதிகம் என்றேன். கோமதி என்றால் வீட்டில் எல்லா வாய்க்கும் அந்தப் பெயர் வரும். அம்மா அடுப்படியிலிருந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

ஆங்கில எழுத்துத் தொல்லை இரண்டுக்கும் பொது. பள்ளிச் சான்றிதழில் நான் 'ஜி'-யில் தொடங்குகிறேன், வங்கிப் புத்தகத்தில் 'கே'-யில். கோமதிக்கும் அதே கதிதான் வரும். அதனால் தம்பியிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: ஓர் எழுத்தை முடிவு செய், பிறப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் எழுது. பிறப்பைத்தான் 21 நாளுக்குள் பதிய வேண்டும், பெயரைச் சேர்க்க 12 மாதம் வரை கட்டணம் கிடையாது, தாமதக் கட்டணம் கட்டினால் 15 வருடம் வரைகூடச் சேர்க்கலாம். அவசரப்பட்டு எதையாவது எழுதிக்கொடுத்துவிட்டு அரசிதழ் வரை அலையாதே. ஒருமனதாக 'ஜி' வென்றது.

தொட்டிலிட்ட அன்று அப்பாவின் நட்சத்திரத்துக்கும் ஒரு வழி செய்தோம். முதலில் ஒரு முறை, குழந்தைக்கு மட்டும் கேட்கும்படி, காந்திமதி. பிறகு ஊருக்கே கேட்க மூன்று முறை கோமதி. இப்போது சங்கரன்கோவிலில் அவள் கோமு. தம்பிக்கு மதி. அம்மா மட்டும் எதையும் சுருக்குவதில்லை, பால் புகட்டும்போதுகூட "கோமதி, கோமதி" என்று முழுதாகத்தான் கூப்பிடுகிறாள்.

நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன். அவளை யாரும் பாப்பா என்று கூப்பிடக் கூடாது. அந்தப் பெயருக்கு இந்த வீட்டில் ஏற்கனவே ஆள் இருக்கிறது.