1869: ஓர் ஆண்டும் அதன் பல காலண்டர்களும்

1869 பிப்ரவரி 15, திங்கட்கிழமை. பழைய தில்லி பல்லிமாரானில், காசிம் ஜான் சந்தில் மிர்ஸா காலிப் காலமானார். சரியாக 42 நாள் கழித்து, மார்ச் 29-ம் தேதி, அதுவும் திங்கட்கிழமைதான், லண்டனில் எட்வின் லட்யன்ஸ் பிறந்தார். முகலாய அவையில் கவி பாடியவர் போனதும், ராஷ்டிரபதி பவனின் 340 அறைகளை வரையப் போகிறவர் வந்ததும் ஒரே வருஷத்தில். தில்லித் தமிழ் வீடுகளில் பிள்ளைகளுக்கு "ஓர் ஆண்டில் உலகம்" என்று பள்ளியில் ப்ராஜெக்ட் கொடுத்தால், தயங்காமல் 1869-ஐ எடுக்கச் சொல்வேன். காந்தி, சூயஸ் கால்வாய், தனிம அட்டவணை, அமெரிக்காவைக் குறுக்கே இணைத்த ரயில் பாதை என்று எல்லாமே அந்த வருஷத்துக் கணக்கில் வரும்.

ஆனால் இணையத்தில் கிடைக்கும் பட்டியலை அப்படியே எடுத்து சார்ட்டில் ஒட்டினால் குறைந்தது நான்கு இடத்தில் தப்பு வரும். எழுதுகிறவர்கள் சோம்பேறிகள் என்பதால் அல்ல. 1869-ல் உலகம் ஒரே காலண்டரில் வாழவில்லை, அதுதான் காரணம்.

முதலில் அட்டை. ஒரு நிகழ்வுக்கு ஓர் அட்டை, போஸ்ட் கார்டு அளவு போதும். என்ன நடந்தது, எங்கே என்பது முதல் வரி. மூல ஆவணத்தில் இருக்கிற தேதி, அந்தக் காலண்டரின் பெயரோடு, இரண்டாவது வரி. நம் ஆங்கில காலண்டருக்கு மாற்றிய தேதி மூன்றாவது. இதைப் பென்சிலால் எழுதுங்கள். நான்காவது வரியில் கிழமை. ஐந்தாவது வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்: இது காரியம் நடந்த தேதியா, அறிவித்த தேதியா, அச்சான தேதியா, பொறித்த தேதியா?

கிழமைக்குச் சுலபமான வழி இருக்கிறது. 1869 ஜனவரி 1 வெள்ளிக்கிழமை; லீப் வருஷமும் இல்லை. 2021-ம் அப்படித்தான். போனில் 2021 காலண்டரைத் திறந்து வைத்துக்கொண்டால் 1869-ன் எந்தத் தேதிக்கும் கிழமை கிடைத்துவிடும். 2010, 2027 காலண்டர்களும் பொருந்தும். கிழமை மட்டும்தான் பொருந்தும். அமாவாசை, ஈஸ்டர், ரம்ஜான் எதையும் இதில் பார்க்கக் கூடாது.

இனி காலிப்பின் அட்டை. அவர் இறந்த ஆண்டு, இஸ்லாமியக் காலண்டரில், ஹிஜ்ரி 1285. அது 1868 ஏப்ரலில் தொடங்கி 1869 ஏப்ரலில் முடிந்தது. வெறும் 1285 என்று மட்டும் பார்த்துவிட்டு மாற்றினால், பாதி நேரம் 1868 என்று எழுதிவிடுவோம். மாதமும் தெரிந்தால்தான் கணக்கு நிற்கும். ஹிஜ்ரி நாள் சூரியன் மறைந்ததும் தொடங்கிவிடும் என்பதால் இரவு நேர நிகழ்வுகளில் ஒருநாள் இடறும்.

உருது, பாரசீகப் புலவர்கள் ஆண்டை எழுத்தில் ஒளித்து வைப்பார்கள். அப்ஜத் கணக்கு என்று பெயர். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண். காலிப் என்ற பெயரில் கைன் 1000, அலிஃப் 1, லாம் 30, பே 2, கூட்டினால் 1033. "இறந்தார்" என்ற பொருள் தரும் முர்த் என்ற சொல்லில் மீம் 40, ரே 200, தால் 4, அது 244. இரண்டும் சேர்ந்தால் 1277. தன் சாவு ஹிஜ்ரி 1277-ல் என்று காலிப் தானே இப்படிக் கணக்குப் போட்டு வைத்திருந்தார். அந்த வருஷம் கடந்தும் உயிரோடு இருந்தார். எட்டு வருஷம் கழித்து அவர் நிஜமாகவே இறந்தபோது, அதே சொற்களுக்கு முன்னால் "ஆஹ்" சேர்ந்தது: அலிஃப் 1, ஹே 5. முர்த் என்பது பமுர்த் ஆனது: இன்னொரு பே, 2. ஆக எட்டு கூடி 1285. "ஆஹ், காலிப் பமுர்த்". ஒரு பெருமூச்சும் ஓர் எழுத்தும் சேர்ந்து கணக்கைச் சரிசெய்துவிட்டன. இந்தக் கூட்டலை சார்ட்டில் பெரிய எழுத்தில் போட்டே ஆக வேண்டும். நிஜாமுதீனில் சௌன்சட் கம்பாவை ஒட்டித்தான் அவர் சமாதி. பிள்ளைகளை ஒருமுறை கூட்டிப் போகலாம்.

காந்தியின் அட்டை சுலபம் என்று நினைப்போம். 1869 அக்டோபர் 2, சனிக்கிழமை, போர்பந்தர். குஜராத்திக் கணக்கில் அது விக்ரம சம்வத் 1925, பாதர்வா மாதம், தேய்பிறை துவாதசி. அந்தத் திதியை அங்கே ராட்டையின் பெயரால் ரேண்டியா பாரஸ் என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். அதே நாளைத் தில்லிப் பஞ்சாங்கத்தில் தேடினால் சம்வத் 1926, ஆஸ்வின் மாதம் என்று இருக்கும். இரண்டுமே சரி. குஜராத்தில் மாதம் அமாவாசையோடு முடியும், வருஷம் தீபாவளிக்கு மறுநாள் பிறக்கும். வடக்கே மாதம் பௌர்ணமியோடு முடியும், வருஷம் சைத்ரத்தில் பிறக்கும். அதனால் தேய்பிறை நாட்களில் மாதப் பெயர் ஒன்று தள்ளிப்போகிறது, சைத்ரத்துக்கும் தீபாவளிக்கும் நடுவே ஆண்டு எண்ணும் ஒன்று கூடிவிடுகிறது. பக்கத்து வீட்டு குஜராத்திக்காரரும் எதிர்வீட்டு உத்தரப் பிரதேசக்காரரும் இதில் சண்டை போட அவசியமே இல்லை.

நம் கணக்கில் 1869 ஜனவரி முதல் சித்திரை பிறக்கும் வரை விபவ வருஷம், பிறகு சுக்கில வருஷம். 60 ஆண்டுச் சுழற்சி என்பதால் சுக்கில என்ற பெயர் 1809, 1929, 1989-லும் வரும். தமிழ் ஆவணத்தில் வருஷப் பெயர் மட்டும் இருந்தால், கூடவே பசலியோ (வரி வசூலுக்கான கணக்கு ஆண்டு) கொல்லம் ஆண்டோ (மலையாள ஆண்டு) இருக்கிறதா என்று பாருங்கள். சென்னை மாகாணத்தில் 1869 ஜூலையில் பசலி 1279 தொடங்கியது. பசலியோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும்.

அதே சுக்கில வருஷம், அதே புரட்டாசி மாதம், காந்திக்குப் பத்து நாள் முன்னால், செப்டம்பர் 22, புதன்கிழமை, தஞ்சை மாவட்டம் வலங்கைமானில் சீனிவாச சாஸ்திரி பிறந்தார். கோகலேக்குப் பிறகு இந்திய ஊழியர் சங்கத்தின் தலைவரானவர். காந்தி தன் அண்ணனாக மதித்தவர். தில்லியில் சாஸ்திரி என்றாலே சாஸ்திரி பவனும் லால் பகதூரும்தான் நினைவுக்கு வரும். லால் பகதூர் சாஸ்திரி பிறந்ததும் ஓர் அக்டோபர் 2 என்பதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. அது 1904. வலங்கைமான் சாஸ்திரிக்குத் தனி அட்டை போட்டு, ஊர்ப் பெயரைக் கண்டிப்பாக எழுதுங்கள். எந்த ஆங்கிலப் பட்டியலிலும் அவர் முதல் பத்துக்குள் வரமாட்டார்; தமிழில் எழுதுகிற நாமும் விட்டுவிட்டால் எப்படி?

தனிம அட்டவணை போட்ட ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவுக்கு வருவோம். ரஷ்யாவில் அப்போது பழைய ஜூலியன் காலண்டர். 19-ம் நூற்றாண்டு முழுக்க வித்தியாசம் 12 நாள் (1900 மார்ச் முதல் 13). அவர் அட்டவணையை எழுதிய தாளில் இருப்பது பிப்ரவரி 17. நமக்கு அது மார்ச் 1. ரஷ்ய வேதியியல் சங்கத்தில் அதை வாசித்தது மார்ச் 6. நமக்கு மார்ச் 18. வாசித்தவரும் மெண்டலீவ் அல்ல, அவருடைய சகா மென்ஷுட்கின். பல பட்டியல்கள் மார்ச் 6-ஐ மாற்றாமலே போட்டு, மெண்டலீவே எழுந்து நின்று படித்தது போல எழுதிவிடுகின்றன.

இன்னொரு பிழை நமக்குப் பிடித்தமானது, அதனாலேயே பரவிவிட்டது. அட்டவணையில், இன்னும் கண்டுபிடிக்காத தனிமங்களுக்கு விட்ட காலி இடங்களுக்கு அவர் ஏகம் என்ற சமஸ்கிருதச் சொல்லை வைத்துப் பெயரிட்டார், ஏக அலுமினியம், ஏக சிலிக்கான் என்று. உண்மைதான், ஆனால் அது 1871 கட்டுரையில். 1869 தாளில் இருந்தவை 63 தனிமங்களும், கேள்விக்குறி போட்ட 45, 68, 70 போன்ற அணு எடைகளும்தான். கண்டுபிடிக்கப்பட்டபோது ஸ்காண்டியம் 45, காலியம் ஏறத்தாழ 70, ஜெர்மானியம் ஏறத்தாழ 73. அந்த மூன்று கேள்விக்குறிகளை அப்படியே சார்ட்டில் வரைந்தாலே போதும், பெயர் தேவையில்லை.

பொறித்த தேதியை நம்பலாமா? அமெரிக்காவில் கிழக்கும் மேற்கும் ரயில் பாதையில் இணைந்த நாள் மே 10, திங்கட்கிழமை, யூட்டாவின் பிராமண்டரி சம்மிட். விழாவுக்குச் செய்த தங்க ஆணியில் பொறித்திருப்பது மே 8. முதலில் வைத்த நாள் அதுதான். மழையில் பாதை அரித்தது, சம்பளம் வராத தொழிலாளர்கள் யூனியன் பசிபிக் ரயில் கம்பெனி அதிகாரி துரான்ட்டின் ரயிலை மறித்தார்கள், விழா இரண்டு நாள் தள்ளிப்போனது. ஆணி ஏற்கெனவே தயாராகிவிட்டது. கல்வெட்டு, பதக்கம், அடிக்கல் எதைப் பார்த்தாலும் இந்த ஆணியை நினைவில் வையுங்கள்: பொறிக்கிறவர் விழாவுக்கு முன்னாலேயே வேலையை முடித்துவிடுகிறார்.

சூயஸ் திறப்பு விழா நவம்பர் 17, புதன்கிழமை. பத்து வருஷம் தோண்டிய 164 கிலோமீட்டர். முதலில் கடந்த கப்பல் எது? விழா வரிசைப்படி பிரெஞ்சு மகாராணி யூஜினியின் லெய்க்ல். ஆனால் முந்தின இரவு, விளக்கெல்லாம் அணைத்துவிட்டு, காத்திருந்த கப்பல்களுக்கு நடுவே புகுந்து முன்னால் போய் நின்றது பிரிட்டிஷ் கடற்படையின் நியூபோர்ட். அட்டையில் இரண்டையும் எழுதுங்கள். திறப்பு விழாவுக்காக அய்டா இசை நாடகம் அரங்கேறியது என்ற வரி எங்கே வந்தாலும் அடித்துவிடுங்கள். கெய்ரோவில் அது அரங்கேறியது 1871 டிசம்பர் 24. 1869 நவம்பர் 1-ல் அங்கே அரங்கம் திறந்தபோது நடந்தது ரிகொலெட்டோ என்ற வேறோர் இசை நாடகம்.

கால்வாய்க்கு முன் எல்லோரும் ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் வந்தார்கள் என்பதும் சரியில்லை. பயணிகளும் தபாலும் அலெக்சாண்ட்ரியாவில் இறங்கி, ரயிலில் சூயஸ் போய், அங்கிருந்து நீராவிக் கப்பலில் மும்பை வருவது வழக்கமாகியிருந்தது. பெரிய லாபம் சரக்குக்கு: லண்டன்–மும்பை கடல் தூரம் சுமார் 10,700 கடல் மைலிலிருந்து சுமார் 6,200-க்கு இறங்கியது. அதுவும் நீராவிக் கப்பலுக்குத்தான். செங்கடலின் காற்று பாய்மரத்துக்கு ஒத்துழைக்காது, குறுகிய கால்வாயில் இழுத்துத்தான் போக வேண்டும். கால்வாய் திறந்து ஐந்தாம் நாள், நவம்பர் 22-ல், ஸ்காட்லாந்தில் சீனத் தேயிலைக்காக கட்டி சார்க் என்ற அருமையான பாய்மரக் கப்பல் நீரில் இறங்கியது. அதன் பிழைப்பைப் பறிக்கும் வழி ஏற்கெனவே திறந்தாகிவிட்டது. இந்த இரண்டு அட்டைகளையும் அருகருகே ஒட்டுங்கள்.

மற்றவை வேகமாக. ஜனவரி 12 மேயோ பிரபு வைஸ்ராயாகப் பதவியேற்பு. அதே நாளில் வாரணாசியில் தத்துவ அறிஞர் பகவான் தாஸ் பிறப்பு. மார்ச் 4 கிராண்ட் அமெரிக்க ஜனாதிபதி. மார்ச் 18 பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான நெவில் சேம்பர்லின் பிறப்பு. நவம்பர் 4 நேச்சர் அறிவியல் இதழின் முதல் பிரதி. நவம்பர் 29 பாவ்நகரில் சமூகத் தொண்டர் தக்கர் பாபா பிறப்பு; சென்னை தியாகராய நகரில் அவர் பெயரில் வித்யாலயம் இருக்கிறது. டிசம்பர் 10 வயோமிங்கில் பெண்களுக்கு வாக்குரிமை. சுவிஸ் விஞ்ஞானி மீஷர் உயிரணுக் கருவிலிருந்து நியூக்ளினை (இன்று நாம் டி.என்.ஏ என்பது) பிரித்தது 1869, அச்சானது 1871. ஐந்தாவது வரி இதற்காகத்தான்.

கடைசி அட்டை டிசம்பர் 31: பிரான்ஸின் லெ காத்தோவில் ஓவியர் ஆன்றி மத்தீஸ் பிறப்பு. சாதாரண வருஷத்தில் முதல் நாளும் கடைசி நாளும் ஒரே கிழமை. மத்தீஸ் அட்டையில் வெள்ளி என்று வராவிட்டால், நடுவில் எங்கோ ஒருநாள் பிசகியிருக்கிறது. பென்சிலில் எழுதிய தேதிகளை மறுபடி முதலிலிருந்து எண்ணுங்கள்.